கரண்ட் போனா தொட்டி மீனை எப்படிக் காப்பாத்துறது? கடலூர், பாண்டிக்காரங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தானே புயல் அடிச்சது 2011 டிசம்பர் 30 விடியக்காலைல. அப்போ கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு ஹால்ல ஒரு 3 அடி தொட்டி, உள்ள 9 கோல்டு ஃபிஷ், எல்லாம் நாலு வருஷமா வளர்த்தது, ஒவ்வொண்ணும் உள்ளங்கை அளவு. ராத்திரி போன கரண்ட் எங்க தெருவுக்குத் திரும்பி வர 12 நாள் ஆச்சு. மொத ராத்திரியே அஞ்சு மீன் போயிடுச்சு, மிச்சம் இருந்த நாலை எங்கப்பாவும் நானும் மாத்தி மாத்தி சொம்பால தண்ணி மொண்டு ஊத்தி 12 நாளும் காப்பாத்துனோம். கரண்ட் வந்த அன்னைக்கு சந்தோஷத்துல ஓடிப்போய் கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளிய மூடின டப்பா மாதிரி இருக்குற ஃபில்டர்) சுவிட்சைப் போட்டேன். ஒரு மாதிரி அழுகின முட்டை நாத்தம் வந்துச்சு, தொட்டி கலங்குச்சு, மறுநாள் காலைல அந்த நாலும் மிதந்துட்டு இருந்துச்சு. 12 நாள் புயலோட போராடி ஜெயிச்ச மீனை நான் போட்ட ஒரு சுவிட்ச் கொன்னுடுச்சு, எனக்கு அது இன்னமும் ஆறல.

அதனாலதான் இதை எழுதுறேன். கரண்ட் போறப்போ என்ன செய்யணும்னு நிறைய பேருக்கு ஓரளவு தெரியும், திரும்பி வர்றப்போ என்ன செய்யணும்னு தெரியாமதான் மீனை இழக்குறாங்க. ரெண்டையும் சொல்றேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை கடந்தப்போ எங்க வீட்ல 38 மணி நேரம் கரண்ட் இல்லை, ரெண்டு தொட்டி, ஒரு மீன்கூட சாகல. அதுல செஞ்சதுதான் கீழ இருக்குறது முக்கால்வாசி.

முதல்ல, தொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும்

மீன் தண்ணியில கரைஞ்சிருக்குற ஆக்சிஜனைத்தான் செவுள் வழியா எடுத்துக்குது. அந்த ஆக்சிஜன் தண்ணிக்குள்ள போற வாசல் மேல்பரப்பு மட்டும்தான். ஏர் பம்ப் விடுற குமிழியில இருந்து நேரா கரையுறது கொஞ்சம்தான், குமிழி மேல வந்து உடைஞ்சு மேல்பரப்பைக் கலக்கி, அடியில இருக்குற தண்ணியை மேல தூக்கிட்டு வருது பாருங்க, அதுதான் பெரிய வேலை. கரண்ட் போனதும் அந்தக் கலக்கல் நிக்குது, மேல்பரப்புல பால் ஏடு மாதிரி ஒண்ணு படியுது, அடித்தண்ணி அடியிலயே கிடக்குது, ஆக்சிஜன் தீர ஆரம்பிக்குது.

இதுல நம்ம ஊர் சூடு வேற. 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிச்சு வச்சுக்கும், 30 டிகிரி ஆச்சுன்னா அதிகபட்சம் ஏழரைதான். அதே நேரம் சூட்டுல மீனோட உடம்பு வேகமா வேலை செய்றதால அதுக்குத் தேவை அதிகம். இருப்பு கம்மி, செலவு ஜாஸ்தி. பெரும்பாலான மீனுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல இருந்தாதான் நிம்மதி. வெளிநாட்டுக்காரங்க சொல்ற முறையில மொத வேலையா தொட்டிக்குப் போர்வை சுத்துங்கம்பாங்க, அது அவங்க குளிருக்கு. மே மாசம் கடலூர்ல கரண்ட் போனா போர்வை சுத்துறது மீனை வேக வைக்குறதுக்குச் சமம்.

இன்னொரு விஷயம் ஃபில்டர். அது வெறும் அழுக்கு பிடிக்குற பொட்டி இல்லை, உள்ள இருக்குற ஸ்பாஞ்ச்லயும் செராமிக் ரிங்லயும் நல்ல பாக்டீரியா குடியிருக்கு. மீன் விடுற அமோனியாவை நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துறது அதுதான், அதுக்கும் ஆக்சிஜன் வேணும். தண்ணி ஓட்டம் நின்னா மூடி இருக்குற கேனிஸ்டருக்குள்ள இருக்குற ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துடும், நேரம் ஆக ஆக நல்ல பாக்டீரியா சாகும், காத்து இல்லாத இடத்துல வளர்ற கெட்டதுங்க பெருகும். என் நாலு கோல்டு ஃபிஷ்ஷும் போனது இதாலதான்.

பசியைப் பத்தி யாரும் கவலைப்படாதீங்க. நல்லா வளர்ந்த மீன் ஒரு வாரம் சாப்பாடு இல்லாம சாதாரணமா இருக்கும். இருட்டும் பிரச்சனை இல்லை.

எந்த மீனை முதல்ல பாக்கணும்

எல்லா மீனும் ஒரே மாதிரி தாங்காது. ஃபைட்டர், கௌராமி ரெண்டும் மேல வந்து நேரா காத்தையே குடிக்குற ஜாதி, அதுக்குன்னு தலையில தனி உறுப்பு இருக்கு, கரண்ட் இல்லாட்டியும் அலட்டிக்காது, தொட்டி மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல காத்து இடைவெளி இருந்தா போதும். கோரிடோரஸ், சக்கர் ஃபிஷ் இதுங்களும் அவசரத்துக்கு மேல வந்து காத்தை முழுங்கி சமாளிக்கும். கப்பி, மோலி மாதிரி சின்ன மீனுங்க மேல்பரப்புலயே வாழறதால கொஞ்ச நேரம் தாங்கும்.

கோல்டு ஃபிஷ், கோய், ஆஸ்கர், ஏஞ்சல், டிஸ்கஸ், பெரிய ஃப்ளவர் ஹார்ன், இதெல்லாம்தான் அவசர கேஸ். ஒரே தொட்டியில பெரிய மீனும் சின்ன மீனும் இருந்தா பெரும்பாலும் பெரிசுதான் முதல்ல திணறும். எத்தனை மீன்ங்கிறதும் முக்கியம், 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி தொட்டியில மணல் கல்லெல்லாம் போக சுமார் 50 லிட்டர்தான் நிக்கும், அதுல 15 கோல்டு ஃபிஷ் விட்டு வச்சிருக்குற வீடுங்களை நான் பாத்திருக்கேன், ஏர் பம்ப் ஓடுற வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் தெரியும், நின்ன ஒரு மணி நேரத்துல எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து நிக்கும். அதே தொட்டியில 8 டெட்ரா மட்டும் இருந்தா நாலஞ்சு மணி நேரம் ஒண்ணுமே செய்யாம விட்டாலும் தெரியாது. நான் சொல்ற எல்லா வழியையும் விட பெரிய பாதுகாப்பு மீனைக் கம்மியா வளக்குறதுதான்.

புயல் எச்சரிக்கை வந்த உடனே

நம்ம கரையோரத்துல அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் இது வருஷா வருஷம் வர்ற கதை, திடீர்னு வர்றது இல்லை, ரெண்டு மூணு நாள் முன்னாடியே தெரிஞ்சிடும். புயல் நெருங்குறப்போ பாதுகாப்புக்காக ஈபிலயே லைனை நிறுத்திடுவாங்க, அதனால காத்து அடிக்க ஆரம்பிக்கும் முன்னயே கரண்ட் போகும்னு நினைச்சுத் தயாராகுங்க.

ரெண்டு நாள் முன்னாடி தொட்டித் தண்ணியில கால்வாசி மாத்திடுங்க, அடியில கிடக்குற கழிவை ட்யூப் போட்டு உறிஞ்சிடுங்க. ஃபில்டர் ஸ்பாஞ்சை மட்டும் அதே நாள்ல கழுவாதீங்க, நல்ல பாக்டீரியா மொத்தமும் அடி வாங்கும். கரண்ட் போகும்னு நினைக்குற நேரத்துக்கு 24 மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்துங்க. வயித்துல ஒண்ணும் இல்லாத மீன் ஆக்சிஜனும் கம்மியா எடுக்கும், கழிவும் கம்மியா விடும்.

அடுத்தது தண்ணி, இதை எல்லாரும் மறந்துடுறாங்க. கரண்ட் இல்லைன்னா மோட்டார் இல்லை, மாடி டேங்க் ஒரே நாள்ல காலி, முனிசிபாலிட்டி தண்ணியும் வராது. ஒரு பெரிய ட்ரம்மோ ரெண்டு மூணு பக்கெட்டோ தொட்டிக்குன்னு தனியா பிடிச்சு ஆன்டி குளோரின் (குளோரினை முறிக்குற மருந்து) போட்டு மூடி வச்சிடுங்க. வெள்ளம் வடிஞ்சப்புறம் குழாயில வர்ற தண்ணியில வழக்கத்தை விட அதிகமா குளோரின் கலப்பாங்க, நம்ம குடிக்குறதுக்கு அது நல்லது, மீன் செவுளுக்கு நெருப்பு.

தொட்டி தரைத்தளத்துல இருக்கு, உங்க பக்கம் தண்ணி ஏறும்னா அது தனிக்கதை, பின்னாடி சொல்றேன்.

எவ்வளவு நேரம் ஓடும், ஒரு கணக்கு

சந்தையில யூஎஸ்பி ஏர் பம்ப் கிடைக்குது, சோப்பு டப்பா அளவுதான், ஒண்ணு ஒண்ணரை வாட் இழுக்கும். 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க்னா உள்ள இருக்குறது சுமார் 37 வாட் அவர், நடுவுல சேதாரம் போக 25 வரைக்கும் நம்பலாம், ஆக ஒண்ணரை வாட் பம்ப் 16 மணி நேரம் சொச்சம் ஓடணும். என்னோடது 17 மணி நேரம் ஓடுச்சு. ஏர் பம்ப் காத்துலயே ஓடுற ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை இதோட மாட்டிட்டீங்கன்னா காத்தும் ஆச்சு, நல்ல பாக்டீரியாவும் உயிரோட இருக்கும், என்னைக் கேட்டா கேனிஸ்டர் வச்சிருக்குறவங்ககூட ஓரமா ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை எப்பவும் ஓட விடணும்.

ஒரு எச்சரிக்கை: சில பவர் பேங்க் ரொம்ப கம்மியா கரண்ட் இழுக்குற சாமானை மாட்டினா ஃபோன் சார்ஜ் முடிஞ்சுதுன்னு நினைச்சு தானா ஆஃப் ஆகிடும். ராத்திரி மாட்டிட்டுப் படுத்தா காலைல எழுந்து அழ வேண்டியதுதான். முன்னாடியே ஒரு நாள் ஓட விட்டுப் பாருங்க. அதுக்கு நல்ல சந்தர்ப்பம் ஈபியோட மாதாந்திர பராமரிப்பு நாள், முன்னாடியே அறிவிச்சு காலைல நிறுத்தி மதியமோ சாயந்திரமோ விடுவாங்க இல்ல, அதை ஒத்திகையா வச்சுக்குங்க. எந்த வயர் எங்க, ஏர் ட்யூப் நீளம் போதுமா, சத்தத்துக்குத் தூக்கம் வருதா, எல்லாம் அன்னைக்குத் தெரிஞ்சிடும்.

இன்வெர்ட்டர் இருக்குற வீடுன்னா இன்னும் சுலபம், ஆனா அங்கயும் கணக்கு வேணும். 150 ஏஹெச் பேட்டரின்னா எழுத்துக்கணக்குல 1800 வாட் அவர், நடைமுறைல ஆயிரம் கிடைச்சா சந்தோஷம். சாதாரண ஏர் பம்ப் 5 வாட்தான், பழைய மாடல் சீலிங் ஃபேன் 75 வாட். ஒரு ஃபேனை ஒரு மணி நேரம் நிறுத்தினா அந்தக் கரண்ட்ல ஏர் பம்ப் 15 மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் சும்மா ஆன்ல இருக்குறதுக்கே கொஞ்சம் குடிக்கும்ங்கிறதையும் சேத்துக்கணும், அதனாலதான் நீளமான கட்டுக்கு இன்வெர்ட்டரை மட்டும் நம்பாம பவர் பேங்க்கையும் வச்சுக்கச் சொல்றேன். ஹீட்டரை இன்வெர்ட்டர் லைன்ல மாட்டவே மாட்டாதீங்க, 100 வாட் ஹீட்டர் ஒரே ராத்திரியில பேட்டரியைக் கவுத்துடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா ஃபில்டர் மோட்டார் உறுமும், சூடாகும், அதுல ஏர் பம்ப் மட்டும் போதும்.

பவர் பேங்க் தீர்ந்துடுச்சுன்னா கார்லயோ பைக்லயோ இருக்குற யூஎஸ்பி சார்ஜர்ல போடலாம், ஃபெஞ்சலப்போ ரெண்டாம் நாள் பக்கத்து வீட்டு அண்ணன் கார்லதான் சார்ஜ் பண்ணேன். மூடின ஷெட்ல எஞ்சினை ஓட விடாதீங்க, அந்தப் புகை மனுஷனையே கொல்லும்.

ஏர் பம்ப்பை எப்பவும் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க, இல்ல 10, 20 ரூபாய் ‘நான்-ரிட்டர்ன்’ வால்வ் (தண்ணியைத் திரும்ப விடாத வால்வ்) ஒண்ணை ட்யூப் நடுவுல மாட்டுங்க. கரண்ட் நின்னதும் ட்யூப் வழியா தண்ணி திரும்பி பம்ப்புக்குள்ள இறங்கும், பம்ப்பும் போகும், பாதித் தொட்டித் தண்ணியும் தரையில.

கரண்ட் போயிடுச்சு, இப்போ என்ன

மொதல்ல ஹீட்டர், ஃபில்டர், லைட் எல்லா பிளக்கையும் பிடுங்குங்க. கரண்ட் திரும்பி வர்றப்போ வோல்டேஜ் ஏறி இறங்கும், அதுவும் இல்லாம நீங்க தண்ணியை மொண்டுகிட்டு இருக்குற நேரம் மட்டம் இறங்கி ஹீட்டர் வெளிய தெரியுறப்போ கரண்ட் வந்தா கண்ணாடி வெடிக்கும். கையைத் தொட்டிக்குள்ள விடுறதுக்கு முன்னாடி பிளக்கு வெளிய இருக்கணும், வீட்ல பிள்ளைங்களுக்கும் சொல்லி வைங்க.

மூடியைத் திறந்து வைங்க, மேல ஒரு கொசுவலைத் துணியைப் போட்டு கிளிப் மாட்டுங்க, ஆக்சிஜன் கம்மியானா மீன் எகிறிக் குதிக்கும். செடி தொட்டின்னா செடிக்கு கார்பன் டை ஆக்சைடு விடுற சிஓடூ சிலிண்டரை மூடுங்க. லைட் இல்லாதப்போ செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கத்தான் செய்யும், செடி நிறைய இருக்கு அதனால கவலை இல்லைன்னு ராத்திரில இருந்துடாதீங்க, விடியக்காலை 4, 5 மணிதான் ரொம்ப ஆபத்தான நேரம்.

அப்புறம் டக்குனு எதையும் செய்ய வேணாம், மீனைப் பாருங்க. செவுள் சாதாரணமா அசையுதா, நடுத்தண்ணியில நீந்துதா, அப்போ நேரம் இருக்கு. எல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது, செவுள் படபடன்னு அடிக்குதுன்னா வேலையை ஆரம்பிக்கணும்.

பம்ப் எதுவுமே இல்லாதவங்களுக்கு சொம்பு வைத்தியம்

தொட்டிக்குள்ள இருந்தே ஒரு சொம்புல தண்ணி மொண்டு ஒரு அடி உயரத்துல இருந்து மெதுவா, தாரையா ஊத்துங்க. அவ்வளவுதான். முடிஞ்ச வரைக்கும் அடித்தண்ணியை மொள்ளுங்க, அதுலதான் ஆக்சிஜன் கம்மி. கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு அரை மணிக்கு ஒருதரம் 5 நிமிஷம், மீன் கம்மியா இருக்குற தொட்டிக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் போதும். மணலைக் கிளறுற மாதிரி வேகமா ஊத்தாதீங்க, அடியில இருக்குற அழுக்கு மேல வந்தா இருக்குற ஆக்சிஜனையும் அது தின்னுடும். சொம்பு, மக்கு எதுவா இருந்தாலும் சோப்பு படாததா இருக்கணும், குளிக்குற மக்கு வேணவே வேணாம்.

கை வலிச்சா ஒரு வழி இருக்கு. தொட்டிக்கு மேல உயரமா ஒரு ஸ்டூல்ல பக்கெட் வச்சு அதுல தொட்டித் தண்ணியையே நிரப்பி ஒரு ஏர் ட்யூபை சைஃபனா விட்டு நுனியில கன்ட்ரோல் வால்வ் மாட்டி சொட்டு சொட்டா விழ விடுங்க. மேல இருந்து விழற ஒவ்வொரு சொட்டும் மேல்பரப்பை உடைக்கும். பக்கெட் காலியானதும் மறுபடி மொண்டு ஊத்துங்க, 15 லிட்டர் பக்கெட் ஒரு மணி நேரம் வர்ற மாதிரி வால்வை வச்சுக்கிட்டா கொஞ்சம் கண்ணசரலாம்.

மீன் ரொம்ப அதிகம்னா பிரிச்சிடுங்க. அகலமான பிளாஸ்டிக் டப், அன்னக்கூடை, எதுவா இருந்தாலும் பரவாயில்லை, உயரம் கம்மி அகலம் அதிகம்ங்கிறதுதான் கணக்கு, தொட்டித் தண்ணியையே 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு பாதி மீனை மாத்தினா ரெண்டு பக்கமும் மூச்சு விட இடம் கிடைக்கும். 50 லிட்டர் தொட்டியை விட அதே 50 லிட்டர் அகல டப்ல ஆக்சிஜன் வேகமா ஏறும்.

கடையில ஆக்சிஜன் மாத்திரைன்னு ஒண்ணு விக்குறாங்க, நம்ம பக்கம் பரங்கிப்பேட்டை, சிதம்பரம் சுத்துப்பட்டு இறால் குட்டைக்காரங்களுக்கு இந்த மாதிரி சாமான் நல்லாவே தெரியும். குட்டைக்குப் போடுற அளவை வீட்டுத் தொட்டிக்குக் கண்ணால மதிப்பிட்டுப் போடாதீங்க, அளவு தப்பினா செவுள் வெந்துடும், பாக்டீரியாவும் போயிடும். அதே காரணத்துக்காக ஹைட்ரஜன் பெராக்சைடும் வேணாம். சொம்புல அளவு தப்ப வழியே இல்லை.

கொசுவர்த்தி

இதுக்குத் தனியா தலைப்பு போட்டேன், ஏன்னா நம்ம ஊர்ல கரண்ட் போன அஞ்சாவது நிமிஷம் ஃபேன் இல்லைன்னு எல்லாரும் கொசுவர்த்தியைக் கொளுத்துவோம், இல்ல ஸ்ப்ரே அடிப்போம். அதுல இருக்குறது பைரித்ராய்டு ஜாதி மருந்து, மனுஷனுக்கு ஓரளவு பரவாயில்லை, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். மூடியைத் திறந்து வச்சிருக்கோம், பவர் பேங்க்ல ஓடுற ஏர் பம்ப் ரூம் காத்தை இழுத்து நேரா தண்ணிக்குள்ள ஊதுது, அந்தக் காத்துல புகை இருந்தா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. தொட்டி இருக்குற ரூம்ல எதையும் கொளுத்தாதீங்க, சாம்பிராணியும் வேணாம், கொசுவலை கட்டிக்கிட்டு படுங்க. ஜெனரேட்டர் புகை வர்ற பக்கம் ஜன்னலையும் சாத்துங்க.

சூடும் குளிரும்

மார்கழி ராத்திரியில கடலூர்ல வெளியில 21, 22 டிகிரி வரைக்கும் இறங்கும், வீட்டுக்குள்ள அதை விடக் கூடவே இருக்கும். கோல்டு ஃபிஷ்ஷுக்கு அது சொர்க்கம், கப்பி மோலிக்கும் பிரச்சனை இல்லை. டிஸ்கஸ் மாதிரி 28, 30 டிகிரியில வாழற மீனுக்கு மட்டும் தொட்டியோட மூணு பக்கமும் தெர்மாகோல் ஷீட் வச்சு மேல போர்வை போடுங்க, காத்து போக மேல கொஞ்சம் இடம் விட்டு. ரொம்ப இறங்கினா கேஸ்ல தண்ணி காய வச்சு பாட்டில்ல ஊத்தி மூடி மிதக்க விடுங்க, நேரா சுடுதண்ணியை ஊத்தாதீங்க.

அக்னி நட்சத்திரத்துல போற கரண்ட்தான் எனக்கு பயம். ஃபிரிட்ஜ் ஃப்ரீசர்ல அரை லிட்டர் தண்ணி பாட்டில் நாலை எப்பவும் உறைய வச்சிருங்க, கரண்ட் போன மொத சில மணி நேரத்துக்கு அது உறைஞ்சே இருக்கும். ஒண்ணை மட்டும் மிதக்க விட்டு தெர்மாமீட்டரைப் பாத்துகிட்டே இருங்க, ரெண்டு டிகிரி இறங்கினதும் எடுத்துடுங்க. ஜன்னல் வெயில் விழற பக்கம் ஈரச்சாக்கு கட்டினாலும் ரூம் கொஞ்சம் தணியும்.

ஒரு நாளைத் தாண்டிடுச்சுன்னா

சாப்பாடு வேணாம், வீட்ல பெரியவங்க பாவம் பட்டினி கிடக்குதேன்னு ரெண்டு சிட்டிகை போடுவாங்க, அவங்ககிட்ட பொறுமையா சொல்லுங்க, எங்க பாட்டிகிட்ட நான் டப்பாவையே ஒளிச்சு வச்சேன். செத்த மீன் இருந்தா உடனே எடுங்க, கல்லுக்கு அடியில, செடிக்குப் பின்னாடியெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க.

தினமும் 10லேர்ந்து 20 சதவீதம் தண்ணி மாத்துங்க, பிடிச்சு வச்ச தண்ணியில இருந்து. அது தீர்ந்தா அடிபம்பு, போர் தண்ணி பரவாயில்லை, ஆனா நிலத்தடித் தண்ணியில ஆக்சிஜன் கம்மி, ஒரு பக்கெட்ல இருந்து இன்னொரு பக்கெட்டுக்கு 20 தடவை ஆத்தி, டீ ஆத்துற மாதிரி, ஒரு மணி நேரம் வச்சு அப்புறம் ஊத்துங்க. கடற்கரைப் பக்கத்து போர்ல உப்பு இருக்கான்னு நாக்குல வச்சுப் பாத்துக்குங்க. மழைத்தண்ணி வேணும்னா மழை நல்லா பெஞ்சு மாடி கழுவினப்புறம் பிடிங்க, அதுல தாது எதுவும் இல்லாததால பிஹெச் (தண்ணியோட அமில-கார அளவு) சறுக்கும், பத்துல ஒரு பங்குக்கு மேல கலக்காதீங்க. ஆர்ஓ கேன் தண்ணிக்கும் இதே விதி.

ஃபில்டரைத் திறக்க மட்டும் ஒரு நாள் காத்திருக்காதீங்க, இதுதான் 2011ல எனக்குத் தெரியாம போனது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல கரண்ட் வராதுன்னு தெரிஞ்சா கேனிஸ்டரைத் திறந்து உள்ள இருக்குற தண்ணியைக் கீழ கொட்டிட்டு, ஸ்பாஞ்சையும் ரிங்கையும் ஒரு வலைப் பையில போட்டு தொட்டிக்குள்ளயே தொங்க விடுங்க, சொம்பால ஊத்துற தண்ணி அது மேல விழற மாதிரி. இல்லைன்னா ஒரு அகலத் தட்டுல பரப்பி தொட்டித் தண்ணியைத் தெளிச்சுக்கிட்டே ஈரமா வைங்க. காத்து பட்டா பாக்டீரியா பிழைக்கும், காய்ஞ்சாலும் மூச்சு முட்டினாலும் சாகும்.

வீட்டுக்குள்ள தண்ணி ஏறுதுன்னா

2015 வெள்ளத்துலயும், 2024 டிசம்பர்ல சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பொங்கினப்பவும் நம்ம ஆளுங்க பாத்ததுதான், அந்த ஃபெஞ்சல் புயல்ல பாண்டி ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமும் வீட்டுக்குள்ள தண்ணி. நிறைஞ்ச தொட்டியைத் தூக்காதீங்க, 2 அடி தொட்டியே கண்ணாடியோட 60, 70 கிலோ வரும், நடுவுல ஆடினா ஒட்டு விட்டுடும். தொட்டி வச்சிருக்குற ஸ்டாண்ட் பிளைவுட்னா ரெண்டு நாள் தண்ணியில ஊறி உப்பி சாயும், அதையும் நினைச்சுக்கணும்.

மீனை மட்டும் எடுத்து மாடிக்குக் கொண்டு போங்க. மீன் மார்க்கெட்ல ஐஸ் போட்டு அனுப்புற தெர்மாகோல் பெட்டி இருக்கே, அதுல புதுசு ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க, சூடும் குளிரும் உள்ள போகாது, மூடி இருக்கு, பிள்ளைங்க கால் படாது. புயலுக்கு முன்னாடியே நேரம் இருந்தா உங்க மீன் கடைக்காரர்கிட்ட கேட்டு ஆக்சிஜன் அடிச்சு பேக் பண்ணிடலாம், பையில மூணுல ஒரு பங்கு தண்ணி, மிச்சம் ஆக்சிஜன், கம்மி மீன் போட்டு இருட்டுல வச்சா 24 மணி நேரம் தாங்கும். சென்னை கொளத்தூர்லேர்ந்து நம்ம ஊர் கடைக்கு மீன் வர்றது இப்படித்தான்.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும் கெடிலம் ஆத்துலயோ ஏரியிலயோ கொண்டு விடாதீங்க. சக்கர் ஃபிஷ் ஏற்கனவே தமிழ்நாட்டு ஏரிங்கள்ல பெருகி வலையைக் கிழிச்சுக்கிட்டு இருக்கு, அந்தப் பாவம் நமக்கு வேணாம். பக்கத்துல தொட்டி இருக்குற யாருக்காவது கொடுத்துடுங்க.

கரண்ட் வந்துடுச்சு, சுவிட்ச்ல கை வைக்காதீங்க

10 நிமிஷம் பொறுங்க. வந்த கரண்ட் திரும்பப் போகும், வோல்டேஜ் நிலைக்கட்டும்.

மொதல்ல மாட்ட வேண்டியது ஏர் பம்ப் மட்டும். அதுல எந்த ஆபத்தும் இல்லை.

அப்புறம் ஃபில்டர். ஒரு மணி நேரத்துக்குள்ள கரண்ட் வந்துடுச்சுன்னா அப்படியே போடலாம். அதுக்கு மேல மூடியே கிடந்த கேனிஸ்டர்னா திறந்து மோந்து பாருங்க, உள்ள இருக்குற தண்ணியை ஒரு சொட்டுகூட தொட்டிக்குள்ள விடாம கொட்டிட்டு, ஹோஸ்ல தேங்கி இருக்குறதையும் கொட்டிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணியில அலசி மாட்டுங்க. குழாய்த் தண்ணியில கழுவாதீங்க. அழுகின முட்டை நாத்தம் வந்துச்சுன்னா அந்த மீடியாவை (ஸ்பாஞ்ச், ரிங்) நம்பவே வேணாம், நல்லா அலசி புதுசு மாதிரி நினைச்சுக்குங்க. தொட்டி விளிம்புல தொங்குற ஹேங் ஆன் ஃபில்டர்ல தண்ணி இறங்கிப் போயிருக்கும், ஒரு சொம்பு தண்ணி ஊத்தி ஓடுதான்னு பாத்தாதான் உண்டு, இல்லைன்னா மோட்டார் காய்ஞ்சு கருகும்.

கடைசியா ஹீட்டர், தண்ணி முழுசா மூடியிருக்குன்னு உறுதி பண்ணிட்டு. தண்ணி ரொம்ப குளிர்ந்திருந்தா ஒரேயடியா 30ல வைக்காதீங்க, இப்போ இருக்குற சூட்டுக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி மேல வச்சு மெதுவா ஏத்துங்க. லைட்டை அன்னைக்குப் போடாட்டியும் ஒண்ணும் குறையாது.

பாக்டீரியா அடி வாங்கியிருக்கும்ங்கிறதால அடுத்த ரெண்டு வாரம் புதுத் தொட்டி மாதிரி பாத்துக்கணும். அமோனியா டெஸ்ட் கிட் இருந்தா தினம் பாருங்க, கடலூர் பாண்டி தண்ணி நிறைய இடத்துல கடினத் தண்ணி, பிஹெச் 8ஐத் தாண்டினா கொஞ்சம் அமோனியாகூட கடுமையா தாக்கும். டெஸ்ட்ல அமோனியா கொஞ்சம் தெரிஞ்சாலே 25 சதவீதம் தண்ணி மாத்துங்க. நைட்ரைட் ஏறினா அயோடின் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கரைச்சு ஊத்தலாம், கோரிடோரஸும் மெல்லிசு செடியும் இருக்குற தொட்டியில அதையும் பாதியாக் குறைச்சுக்குங்க.

சாப்பாடு மறுநாள்லேர்ந்து, வழக்கமா போடுறதுல கால்வாசி, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்குற அளவு. மூணாம் நாள் பாதி. ஒரு வாரத்துல அமோனியா ஜீரோன்னு காட்டினப்புறம் பழைய அளவு. பவர் பேங்க்கை அன்னைக்கு ராத்திரியே திரும்ப ஃபுல் சார்ஜ் போட்டு ஏர் ட்யூபோட சேத்து தொட்டிக்குக் கீழயே வச்சிடுங்க.